தனியாகப் போட்ட புடவை

1

நான் பெர்த்துக்கு வந்து பதினான்கு வருடம் முடிந்த அன்று ஊரிலிருந்து ஒரு போட்டோ வந்தது. வாழ்த்து கீழ்த்து எதுவும் இல்லை. வாஷிங் மெஷின் முகப்பில் சிவப்பாக இரண்டு இங்கிலீஷ் எழுத்து. யூ, ஈ. கீழே என் தங்கை மலர் எழுதியிருந்தாள்: "மறுபடியும் நின்னுடுச்சுக்கா."

ஆஸ்திரேலியாவில் இருக்கிறவள் என்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இங்கே ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறேன். நான்கு ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, போர்வை, நோயாளிகள் போட்ட அங்கி, ஆபரேஷனுக்கு டாக்டர்கள் போடும் பச்சைச் சட்டை எல்லாம் லாரியில் வந்து இறங்கும். ஒரு ஆள் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், அவ்வளவு பெரிய மெஷின்கள். காலை ஆறு மணிக்குப் போனால் இரண்டு மணிக்கு வீடு. என் கணவர் லாரிப் பட்டறையில் வெல்டர். எங்கள் வெளிநாடு இவ்வளவுதான்.

ஊரில் நின்றுபோன மெஷினை வாங்கிக் கொடுத்தது நான். செந்துறைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அண்ணன், அண்ணி, அவர்கள் மகள் தர்ஷினி, அம்மா, மலர், ஆக ஐந்து பேர். போன தை மாதம் மலர் வீடியோவில் பேசும்போது போனைக் கைமாற்றினாள். அவள் கை தெரிந்தது. விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் காய்ந்து கிடந்தது. எங்கள் பக்கத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். வாளியில் இரண்டு நாள் நின்றால் உட்புறம் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரில் சோப்புத் தூளைக் கரைத்து, ஐந்து பேர் துணியைத் தினமும் கல்லில் அடித்தால் கை வேறு எப்படி இருக்கும்?

பெரம்பலூரில் ஒரு கடைக்கு இங்கிருந்தே போன் பேசி, முன்பக்கம் கதவு உள்ள மெஷினாகப் பார்த்து வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். வந்து இறங்கியதும் அண்ணி சொன்னது: "இது எதுக்கு? கரண்டுதான் இழுக்கும்." இரண்டு வாரத்தில் அது நின்று நின்று ஓட ஆரம்பித்ததும் அண்ணிக்கு வசதியாகப் போயிற்று. "யார்கிட்டயாச்சும் தள்ளிவுட்டுடலாம். நமக்குக் கல்லுதான் லாயக்கு" என்றாள்.

கல் யாருடைய கைக்கு லாயக்கு என்று அவள் சொல்லவில்லை. அந்த மெஷின் போனால் மலர் கை மறுபடியும் கல்லுக்குப் போகும். அதனால்தான் கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஒரு மெஷினோடு மல்லுக்கட்டினேன்.

2

அரியலூரில் ஒரு மெக்கானிக் கிடைத்தார். பெயர் ஜாபர். லெப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடா நாடுகளில் பல வருடம் ஏசியும் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் பழுது பார்த்துவிட்டு ஊர் திரும்பிக் கடை போட்டவர். முதல் தடவை வந்தபோது ரசமட்டத்தை மெஷின் தலையில் வைத்தார். குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடியது. குளியலறைப் பக்கத் தரை, தண்ணீர் போக வாட்டம் விட்டுப் போட்ட தரை. மெஷினின் ஒரு கால் அந்தரத்தில் நின்றது. காலைத் திருகிச் சமப்படுத்திவிட்டுப் போனார். மறுநாள் மறுபடியும் யூ, ஈ.

இரண்டாவது தடவை மெஷினைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். லாரியில் வரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் பின்னால் போல்ட் போட்டு முறுக்கி அனுப்புவார்கள். வீட்டில் வைத்ததும் கழற்றிவிட வேண்டும். கடைக்காரப் பையன்கள் இரண்டைக் கழற்றியதும் அண்ணன் தடுத்திருக்கிறார். "அதெல்லாம் கழட்டாத, கியாரண்டி போயிடும்." மீதி இரண்டும் அப்படியே இருந்தன. ஜாபர் கழற்றினார். தண்ணீர் வரும் வாயில் இருந்த சல்லடையில் சுண்ணாம்பு அடைத்திருந்தது. அதையும் பிரஷ்ஷால் தேய்த்தார். மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் இறங்குகிறதா என்றும் பார்த்தார். எல்லாம் சரி. அவர் கண்முன்னால் ஓடியது. மறுநாள் யூ, ஈ.

நானே ஜாபருக்குப் போன் போட்டேன்.

"அக்கா, தண்ணியெல்லாம் ஒழுங்காத்தான் எடுக்குது. தொவைக்குது. கடைசில புழியறப்பதான் அடம் புடிக்குது."

"டிரம்மைத் தாங்குற ஷாக் அப்சார்பர் பாத்தீங்களா தம்பி?"

"பாத்தேங்க்கா, புதுசு, கல்லு மாரி நிக்குது. ஆமா, உங்களுக்கு எப்புடிக்கா இதெல்லாம் தெரியும்?"

"நான் துணி தொவைக்கிறவ."

"அட! உங்க அண்ணன் ஆஸ்பத்திரில வேலைன்னாரு. நான் நர்சுன்னுல்ல நெனச்சேன்."

"அவரு அப்புடித்தான் சொல்லுவாரு."

ஜாபர் சிரித்தார். "எங்க ஊர்லயும் அப்புடித்தாங்க்கா. நான் துபாயில சாக்கடை பம்பு மாட்டுனப்ப எங்க வாப்பா எல்லார்கிட்டயும் என்னை இன்ஜினியருன்னாரு. சரி, அடுத்த வாரம் வரேன். இன்ஷா அல்லாஹ் புடிச்சிடுவோம்."

3

இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நான் செய்த ஒரு கூத்தைச் சொல்ல வேண்டும்.

வந்து இறங்கிய துணியைப் பிரிக்கச் சொன்னார்கள். விரிப்பு ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம், அங்கி ஒரு பக்கம். நான் அதோடு நிற்கவில்லை. அங்கிகளில் ஆண்கள் வார்டுக்கு ஒரு குவியல், பெண்கள் வார்டுக்கு ஒரு குவியல், பிரசவ வார்டுக்கு எட்டத் தள்ளி ஒரு குவியல் போட்டேன். நான் போட்ட குவியலால் பாதி மெஷின் காலியாக ஓடியது. எனக்கு மேற்பார்வை பார்த்தது குரோவேஷியாவிலிருந்து வந்த, என்னைவிட மூத்த ஒரு அம்மாள். அந்த அம்மாளுக்கும் இங்கிலீஷ் அரைகுறை, எனக்கும் அரைகுறை. பிரசவ வார்டுக் குவியலைக் காட்டி, "இது ஏன் தனியாக?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் ஊரில் அப்படித்தான் என்பதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. அதைச் சொல்வதற்கும் அப்போது இங்கிலீஷ் இல்லை. இப்போது இங்கிலீஷ் இருக்கிறது. காரணம்தான் இன்னும் கிடைக்கவில்லை.

அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. ஒரு சிவப்புப் பையை எடுத்துக் காட்டினார். ஒட்டுகிற நோய் உள்ளவர்களின் துணி அந்தப் பையில்தான் வரும். அதை நாங்கள் பிரிக்கவே மாட்டோம். பையோடு மெஷினில் போட்டால் பையின் முடிச்சு வெந்நீரில் கரைந்து துணி வெளியே வரும். கொதிக்கக் கொதிக்கத் துவைத்து முடித்த பிறகு? மற்ற துணிகளோடு சேர்ந்து ஒரே அலமாரிக்குப் போய்விடும். அடுத்த வாரம் அதே விரிப்பில் யார் வேண்டுமானாலும் படுப்பார்கள். நிஜமாகவே ஒட்டுகிற நோய்க்கே இங்கே ஒரு துவைப்போடு கணக்குத் தீர்ந்துவிடுகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வேலையில் நான் படித்த முதல் பாடம் ஒன்று உண்டு. மெஷின் நின்றால் மெஷினைத் திறக்காதே. உள்ளே என்ன துணி கிடக்கிறது என்று முதலில் கேள். பதினான்கு வருடம் சோறு போட்ட பாடம். என் சொந்த வீட்டு மெஷினுக்கு மட்டும் அதை நான் கேட்கவில்லை.

4

மலரிடம் ஒரு வாரம் குறித்து வைக்கச் சொன்னேன். கிழித்துப் போட்ட நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிப் போட்டோ அனுப்பினாள். ஓடுச்சு, நின்னுச்சு. ஓடுச்சு, நின்னுச்சு. ஒரு நாளைக்கு இரண்டு தடவை போடுகிறாள். முதல் தடவை ஓடுகிறது. இரண்டாவது தடவை நிற்கிறது. ஒரு நாள்கூட மாறவில்லை.

போன் போட்டேன்.

"ரெண்டாவது தடவை என்னடி போடுற?"

"என்னோடதுக்கா."

"என்னென்ன?"

"ஒரு பொடவை, பாவாடை, ஜாக்கெட்டு. வேற என்ன இருக்கு என்கிட்ட?"

"அதை ஏன் மொதல்லயே எல்லாரோடதோடயும் சேத்துப் போடலே?"

மலர் சிரித்துவிட்டாள். "என்னக்கா புதுசா கேக்குற? என்னோடதை எப்ப சேத்தாங்க?"

கோளாறு தெரிந்துவிட்டது. பெரிய டிரம்மில் ஒரே ஒரு நூல் புடவையைப் போட்டால், தண்ணீர் குடித்துப் பந்தாகச் சுருண்டு ஒரு பக்கமாக ஒட்டிக்கொள்ளும். எதிர்ப்பக்கம் எடை இருக்காது. பிழிவதற்கு வேகம் எடுக்கும்போது டிரம் தூக்கித் தூக்கி அடிக்கும். நான்கைந்து தடவை மெதுவாகச் சுற்றிப் பிரித்துப் பார்த்துவிட்டு மெஷின் நின்றுவிடும். அந்த எழுத்துக்கு அதுதான் அர்த்தம். மெஷினில் ஒரு குறையும் இல்லை.

5

இப்போது மலரைப் பற்றி.

அவளுக்குப் பத்தொன்பது வயதில் உதட்டு ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி வந்தது. பிறகு கண் ஓரம், விரல் நுனி. பெரம்பலூரில் தோல் டாக்டரிடம் காட்டினோம். இது வெண்புள்ளி, தோலில் நிறம் மட்டும்தான் போகும், தொட்டால் ஒட்டாது, கூடச் சாப்பிட்டால் ஒட்டாது, துணியால் ஒட்டாது என்று டாக்டர் எங்கள் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி மூன்று தடவை சொன்னார். எல்லோரும் தலையாட்டிவிட்டு பஸ் ஏறினோம். ஊரில் இறங்குவதற்குள் அது மறந்துபோனது. குஷ்டம் என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கட்டிக்கொடுத்த இடத்தில் ஒரு வருடம் வைத்திருந்தார்கள். கை முழுக்கப் பரவியதும், டவுன் பஸ்ஸில் அழைத்து வந்து எங்கள் வாசலில் பெட்டியோடு விட்டுவிட்டு அதே பஸ்ஸில் திரும்பிப் போனார்கள்.

எங்கள் வீட்டில் யாரும் அவளைத் திட்டியதில்லை. அடித்ததில்லை. தட்டு தனி. டம்ளர் தனி. துண்டு தனி. துணி காயப் போடும் கொடி பின்பக்கம் தனி. ஆனால் ஐந்து பேர் துணியையும் கையால் கசக்கித் துவைத்தது அவள்தான். அந்தக் கை எங்கள் அண்ணன் வேட்டியைத் தொடலாம், அவள் புடவை அந்த வேட்டியைத் தொடக்கூடாது. இதில் என்ன அறிவு இருக்கிறது என்று யாராவது சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.

அண்ணியைத் திட்டிக் கட்டுரையை முடித்துவிட்டால் எனக்குச் சுலபம். ஆனால் இதை ஆரம்பித்தது அண்ணி இல்லை. அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததே அதற்குப் பிறகுதான். மலருக்கு முதல் புள்ளி வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். செந்துறைக் கடைத்தெருவில் ஒரு பச்சை சோப்பு டப்பா வாங்கி வந்து மலரிடம் நீட்டி, "இனிமே நீ இதுல வச்சுக்க" என்று சொன்னவள் நான். என் கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம். அவள் ஏன் என்று கேட்கவில்லை. வாங்கிக்கொண்டாள். அந்த வீட்டில் முதலில் பிரிந்தது அந்த சோப்பு. மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் மலரை மூன்று மாதம் இங்கே வைத்துக்கொள்ளலாம் என்று விசாவுக்குப் போட்டேன். கணவன் பெயர், வேலை, நிலம், வங்கிக் கையிருப்பு, ஊரில் அவளுக்காகக் காத்திருப்பவர்கள் யார் யார் என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. பாதிக்கு மேல் கோடுதான் இழுத்தேன். விசா கிடைக்கவில்லை. திரும்பிப் போவதற்கான பிடிப்பு ஊரில் இவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை என்று கடிதம். அதை மலருக்குத் தமிழில் சொன்னேன். அவள் சொன்னாள்: "நான் எங்கக்கா போவப் போறேன்? எனக்கு இந்த வூட்டை வுட்டா யாரு?"

6

அடுத்த வாரம் மெஷின் வேறு விதமாக நின்றது. தண்ணீர் வெளியே போகவில்லை. ஜாபர் வந்து அடியில் இருந்த சிறிய கதவைத் திறந்து, கழிவுத் தண்ணீர் போகும் இடத்திலிருந்த வடிகட்டியைத் திருகி எடுத்தார். எடுத்ததைத் தன் உள்ளங்கையில் வைத்து எனக்குப் போட்டோ அனுப்பினார். ஒரு பிடி சணல் நார்.

உடனே அவரே கூப்பிட்டார். தெருவுக்கு வந்து பேசுகிறார் என்று சத்தத்தில் தெரிந்தது.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. போன வாரம் வந்தப்பவே எனக்கு வெளங்கிடுச்சு. ஒத்தைப் பொடவையப் போட்டா இப்புடித்தான் நிக்கும், கூட நாலு துணி போடுங்கன்னு உங்க அண்ணிகிட்டச் சொன்னேன். சரி சரின்னாங்க. அப்புறம் பாத்தா..."

"பாத்தா?"

"முந்திரிக் கொட்டை கட்டுற கோணிச் சாக்கு இருக்குல்ல, அதை ரெண்டா மடிச்சு தங்கச்சி பொடவையோட போட்டிருக்காங்க. எடைக்கு. அந்த நாருதான் அடச்சிருக்கு."

சாக்கு சேரலாம். களத்தில் கிடந்த கோணிச் சாக்கு என் தங்கை புடவையோடு சேரலாம். மனுஷர் துணி சேரக்கூடாது.

"மெசின்ல இனிமே நான் சரிபண்ண ஒண்ணுமில்லக்கா" என்றார் ஜாபர். "நான் வெளியாளு. இதை என்னால சொல்ல முடியாது. உங்க வூடு, நீங்க சொல்லிக்குங்க."

அண்ணனுக்குப் போன் போட்டேன். நல்ல வேளை, வயலில் இல்லை, வீட்டில் இருந்தார்.

"சாக்கைப் போட்டு என் தங்கச்சி பொடவையத் தொவைக்கிறீங்களாமே?"

"ஏ வசந்தா, மெதுவா பேசு. வர்ற ஞாயித்துக்கிழமை ஜெயங்கொண்டத்துலேர்ந்து தர்ஷினியப் பொண்ணு பாக்க வராங்க. இந்த நேரத்துல சாக்கு, பொடவைன்னுகிட்டு."

"வரட்டும். வந்தா மலரு எங்க இருப்பா?"

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "அம்மாவுக்கு ஒரு வேண்டுதல் இருக்கு. அன்னிக்கு மலர செட்டிகுளம் கோயிலுக்கு அனுப்பிடலாம்னு..."

"காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்குமா? முருகன் அவளுக்குச் சோறு போடுவாரா? அவ தொவச்ச வேட்டியக் கட்டிக்கிட்டுத்தான நீ சபையில ஒக்காருவ? அப்ப வேட்டியவும் செட்டிகுளத்துக்கு அனுப்பு."

அண்ணி போனைப் பிடுங்கினாள். "நீ அங்க ஒக்காந்துகிட்டு நாட்டாமை பண்ணாத வசந்தா. பொண்ணை வச்சிருக்கிறவ நானு. நாளைக்கு நாலு பேரு கேட்டா நீ வந்து பதில் சொல்லுவியா?"

"சொல்லுவேன். எந்த நாலு பேருன்னு நம்பரு குடுங்க."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

7

திரும்பிப் பார்த்தால் என் மகள் நிலா நிற்கிறாள். பதின்மூன்று வயது. இங்கேயே பிறந்தவள். தமிழ் புரியும், பேச வராது. பேச வராதது ஒரு பக்கம், பேசுவதற்கு என்னிடம் இப்போதெல்லாம் அவளுக்கு ஒன்றும் இருப்பதில்லை. கதவைச் சாத்திக்கொள்கிற வயது. அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் வெளியே வந்திருக்கிறாள். என்ன என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், அண்ணன் இப்படி, அண்ணி இப்படி என்று. பொறுமையாகக் கேட்டுவிட்டு இங்கிலீஷில் கேட்டாள்: "நாம் போனபோது, சித்தி துண்டை எடுக்காதே என்று நீதானே அம்மா சொன்னாய்?"

அவளுக்கு அப்போது பத்து வயது. குளித்துவிட்டு வந்து கையில் கிடைத்த துண்டை எடுத்தாள். நான் பிடுங்கினேன். ஞாபகம் வந்தது. பச்சை டப்பா கொடுத்தது பயந்த வயதில் என்று சாக்குச் சொல்லலாம். பத்து வருட ஆஸ்பத்திரித் துணிக்குப் பிறகும் அந்தத் துண்டைப் பிடுங்கியதற்கு என்ன சொல்வது? "ஆமாம், தப்பு" என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனாள். ஆனால் கதவைச் சாத்தவில்லை.

மலரைக் கூப்பிட்டேன்.

"மலரு, அந்த சோப்பு டப்பா..."

"பச்சை டப்பாதானே? இருக்குக்கா. ஊசி நூலு போட்டு வச்சிருக்கேன். கெட்டி டப்பா, இன்னும் ஒடையல."

"நான் பண்ணுனது தப்புடி. அன்னிக்கே தப்பு."

"செட்டிகுளம் போவச் சொல்றாங்கக்கா" என்றாள்.

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலே. அது கெடக்கட்டும், நீ மெசினப் பத்திச் சொல்லு. எவ்வளவு துணி போட்டா நிக்காம ஓடும்?"

"பாதி டிரம்முக்கு மேல இருக்கணும். சின்னது பெருசு கலந்து இருக்கணும். திணிக்கக்கூடாது."

"ஓட ஆரம்பிச்சா நடுவுல தொறக்க முடியுமா?"

"முடியாது. உள்ள தண்ணி நிக்கிற வரைக்கும் கதவு பூட்டிக்கும். ப்ளக்கைப் புடுங்குனாலும் தொறக்காது."

"சரிக்கா" என்று வைத்துவிட்டாள்.

8

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இருந்தது. பதினொன்றரைக்கு டீ இடைவேளை. ஊரில் காலை ஒன்பது. ஓய்வறையில் உட்கார்ந்ததும் மலர் வீடியோவில் வந்தாள். போனை எதன் மேலோ சாய்த்து வைத்திருந்தாள். மெஷினின் வட்டக் கண்ணாடிக் கதவு நேராகத் தெரிந்தது. அதன் முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கோயிலுக்குப் போகிற கோலத்தில் இல்லை, பழைய நைட்டியில் இருந்தாள்.

கண்ணாடிக்குள்ளே துணி புரண்டுகொண்டிருந்தது. அவளுடைய ஊதாப் புடவை. அதன் மேல் அண்ணியின் மஞ்சள் புடவை. தர்ஷினியின் சுடிதார். அண்ணன் பனியன். பிறகு வெள்ளையாக ஒன்று.

"வேட்டிய ஏண்டி கலரோட போட்ட? சாயம் ஏறிடும்!" என்று கத்தினேன். தொழில் புத்தி.

"என் பொடவையில சாயம் எங்கக்கா இருக்கு? எல்லாம் கல்லுலயே போயிடுச்சு."

அதற்குள் அண்ணி வந்துவிட்டாள். குனிந்து கண்ணாடியைப் பார்த்தாள். தன் மஞ்சள் புடவையைப் பார்த்தாள். கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். கதவு அசையவில்லை.

"தொறடி. தொறங்கிறேன்ல!"

"தொறக்காது அண்ணி."

"ஏங்க! இங்க வாங்க! ப்ளக்கைப் புடுங்குங்க!"

அண்ணன் சட்டை போடாமல் ஓடி வந்தார். ப்ளக் பக்கம் கையை நீட்டினார்.

"புடுங்குனாலும் தொறக்காது அண்ணே" என்றாள் மலர், நாற்காலியை விட்டு எழாமல். "உள்ள தண்ணி நிக்குது. நீ புடுங்குனா எல்லாரு துணியும் என் பொடவையோட ஊறிக்கிட்டே கெடக்கும். வுட்டீன்னா அரை மணி நேரத்துல முடிஞ்சிடும். எது வேணும்னு பாத்துக்க."

அண்ணன் கை அப்படியே நின்றது. இருபது வருடத்தில் அவள் அந்த வீட்டில் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார், அதாவது போனைப் பார்த்தார். "எல்லாம் நீ சொல்லிக் குடுத்ததா?"

"மெசினப் பத்தி மட்டும்தான் நான் சொன்னேன்" என்றேன். அது உண்மை.

"ஐயோ, ரெண்டு மணிக்கு அவங்க வந்துடுவாங்களே" என்று அண்ணி தலையில் கை வைத்தாள். "அத்தை, நீங்களாச்சும் கேளுங்களேன்!"

அம்மா பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கால் வலி. பெரம்பலூர் டாக்டர் மூன்று தடவை சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தவள். இத்தனை வருடம் எதற்கும் வாய் திறக்காதவள். கிட்டே வந்து கண்ணாடியை உற்றுப் பார்த்தாள்.

"என்னோடதும் உள்ளதான் கெடக்கு" என்றாள். "நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

அண்ணன் நீட்டிய கையை இறக்கிக்கொண்டார். என் இடைவேளை முடிந்தது. நான் எழுந்து போகவில்லை. குரோவேஷியா அம்மாள் கதவில் தலையை நீட்டி என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், அருகில் வந்து உட்கார்ந்துகொண்டார். பதினான்கு வருடம் ஒன்றாகத் துணி துவைத்த இரண்டு பெண்கள், எங்கேயோ இருக்கிற ஒரு ஊரில் ஒரு மெஷின் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் இறங்கியது. டிரம் மெதுவாக இரண்டு சுற்று சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. வேகம் எடுத்தது. புடவையும் வேட்டியும் சுடிதாரும் சுவரோடு பரவி ஒரே வளையமாகிவிட்டன, எது யாருடையது என்று தெரியவில்லை. சிவப்பு எழுத்து வரவில்லை.

"சத்தம் கேக்குதாக்கா?" என்றாள் மலர்.

கேட்டது.

9

ஜெயங்கொண்டத்துக்காரர்கள் வந்தார்கள். மலர் செட்டிகுளம் போகவில்லை. காபித் தட்டை அவள்தான் கொண்டுபோனாள். வந்தவர்களில் இரண்டு பேர் காபியைத் தொடவில்லை. மாப்பிள்ளையின் அப்பா குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாராம். பதில் இன்னும் வரவில்லை. "அத்தையப் பாத்து ஓடுறவங்க இப்பவே ஓடட்டும்" என்று தர்ஷினி சொல்லிவிட்டாள். அவளுக்கு இருக்கிற தைரியம் அந்த வயதில் எனக்கு இல்லை.

மெஷின் இப்போது ஒரு நாளும் நிற்பதில்லை. ஜாபர் ஒரு நாள் அந்த வழியாகப் போனவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, என் பொழப்பையே கெடுத்துட்டீங்க" என்று எனக்கு மெசேஜ் போட்டார்.

நான்கு பேர் துணி ஒன்றாகச் சுற்றுகிறது. நான்கு பேர்தான். அண்ணி சேர்ப்பதில்லை. தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்க் கல்லில் துவைக்கிறாள். பின்பக்கக் கொடியில், மலர் கொடியாக இருந்த அதே கொடியில், தனியாகக் காயப் போடுகிறாள்.

நேற்று மலர் பேசும்போது சொன்னாள்: "பாவமா இருக்குக்கா. அண்ணிக்கு வெரலு வெடிச்சிருக்கு. அவங்களோடதையும் நானே எடுத்துப் போட்டுடட்டா?"

"வேணாம். அவங்களா வாய் வுட்டுக் கேக்கட்டும். கேட்டா போடு."

"கேக்காட்டி?"

"கல்லு இருக்குல்ல" என்றேன்.